தெள்ளுப்பூச்சிக்குப் படம் உண்டு, ஹூக்குக்கு இல்லை

போனில் மேக்ரோ லென்ஸ் மாட்டிக்கிட்டு ஜன்னல் ஓரத்துல எறும்பைப் படம் பிடிக்க முயற்சி பண்ணியிருக்கீங்களா? பண்ணியிருந்தா மூணு தொல்லை உங்களுக்கே தெரியும். எறும்பு ஒரு இடத்துல நிக்காது. கிட்டப் போனா வெளிச்சம் பத்தாது. கண்ணுக்கு ஃபோகஸ் வெச்சா கால் மங்கிடும். கேமராவே கண்டுபிடிக்காத 1660-களில் இதே மூணு தொல்லையையும் ஒருத்தர் அனுபவிச்சிருக்கார். அவர் பேரு உங்களுக்குப் புதுசு இல்ல. ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டு, ரீடிங் எடுத்து, கிராஃப் நேர்கோடா வரணுமேன்னு வேண்டிக்கிறோமே, அந்த ராபர்ட் ஹூக்தான்.

1635-ல் இங்கிலாந்தின் தென்கோடியில் இருக்கும் வைட் தீவில் பிறந்தார். அப்பா தேவாலயத்தில் போதகர். ஹூக்குக்கு 13 வயதானபோது அவர் இறந்துட்டார். கையில் கிடைச்ச கொஞ்சம் பணத்தோட லண்டன் போன பையன், முதலில் பீட்டர் லீலி என்ற பெரிய ஓவியரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். ஆயில் பெயிண்ட் வாசனையில் தலைவலி வந்து சீக்கிரமே விட்டுட்டானாம். ஆனா வரையும் கை மட்டும் கூடவே வந்தது. பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு, அங்கே ராபர்ட் பாயிலுக்கு உதவியாளர் வேலை. பாயில் விதி படிச்சிருப்பீங்க. அந்தச் சோதனைகளுக்கான காற்றுப் பம்பை உருவாக்கியதில் பெரும்பங்கு ஹூக்குடையது. 1662-ல் ராயல் சொசைட்டி அவரைச் சோதனைப் பொறுப்பாளரா வெச்சுக்கிட்டது. வாராவாரம் மூணு நாலு சோதனை செஞ்சு காட்டணும். நமக்கு வாரத்துக்கு ஒரு லேப், அதுக்கே ரெக்கார்டு பாக்கி!

பூச்சிகள் வர்றது இந்தக் காலத்துலதான். நுண்ணோக்கி வழியா பாத்ததையெல்லாம் வரைஞ்சு, 1665-ல் 'மைக்ரோகிராஃபியா' என்ற புத்தகமா வெளியிட்டார். தக்கையின் துண்டில் பாத்த சின்னச் சின்ன அறைகளுக்கு 'செல்' என்று பேர் வெச்சது இதுலதான். பள்ளிப் பாடத்துல அதோட நிறுத்திடுவாங்க. எனக்கு அதைவிட முக்கியமா தோணுறது அவர் படம் பிடிச்ச விதம்.

முதல்ல வெளிச்சம். இரவில் விளக்குக்கு முன்னாடி தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டு ஒண்ணை வெச்சு, அதன் வழியா வர்ற ஒளியை ஒரு குவிலென்ஸால் பூச்சி மேல குவிச்சார். பகலில் வெயில் கண்கூசும்படி விழுந்தா, பூச்சிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் எண்ணெய் தடவிய காகிதம். இன்னைக்கு ஃபிளாஷ் முன்னாடி பட்டர் பேப்பர் ஒட்டுறோமே, அதேதான்.

அடுத்தது எறும்பு. உயிரோட இருந்தா ஓடும், கொன்னா உடம்பு சுருங்கிடும், காலை மெழுகிலோ பசையிலோ ஒட்டினா துள்ளித் திமிரும். கடைசியில் பிராந்தியில் முக்கி எடுத்தார். அது ஒரு மணி நேரத்துக்கு மேல அசையாம கிடந்தது. அப்புறம் போதை தெளிஞ்ச மாதிரி எழுந்து ஓடிடுச்சு. பேனைப் பாக்கிறதுக்கு இன்னும் ஒரு படி மேல போனார். ரெண்டு மூணு நாள் பட்டினி போட்ட பேனைத் தன் கையிலேயே விட்டு, உறிஞ்சின ரத்தம் அதன் உடம்புக்குள் போறதைப் பாத்தார்.

மூணாவது தொல்லைக்குப் பொறுமைதான் வழி. ஒரே கோணத்தில் பாத்தா மேடு எது பள்ளம் எதுன்னே குழம்பிடும். அதனால வெவ்வேறு வெளிச்சத்தில், வெவ்வேறு பக்கமா திருப்பித் திருப்பிப் பாத்து, எல்லாம் மனசுல சேர்ந்து ஒரு உருவம் ஆன பிறகுதான் வரைவார். இப்போ சாஃப்ட்வேர் பல படங்களை அடுக்கி ஒண்ணாக்குது. அவர் அதைத் தலைக்குள்ளேயே செஞ்சார். ஒரு ஈ வகையின் கண்ணில் சுமார் 14,000 சிறு குமிழ்களைக் கணக்கிட்டார். ஒவ்வொண்ணிலும் அவர் ஜன்னலுக்கு வெளியே நின்ன மரம் குட்டியா தெரிஞ்சதாம். தெள்ளுப்பூச்சிப் படம் மடிச்சு வெச்ச பெரிய தாள். விரிச்சா ஏறக்குறைய ஒன்றரை அடி. சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அதிகாரி இந்தப் புத்தகத்தை வாங்கி, ராத்திரி 2 மணி வரை தூங்காம படிச்சதாகத் தன் டைரியில் குறிச்சு வெச்சிருக்கார்.

1666-ல் லண்டன் தீக்கிரையானது. நகரை மறுபடி அளந்து கட்டும் சர்வேயர்களில் ஹூக்கும் ஒருத்தர். அடுத்த பல வருஷம் செங்கல், சுண்ணாம்பு, எல்லைத் தகராறுன்னு போச்சு. தீயின் நினைவாக நிக்கும் 202 அடித் தூணில் ரென்னோட சேர்ந்து அவர் பங்கும் உண்டு. ஸ்பிரிங் விதியை வெளியிட்டது 1678-ல்.

நியூட்டனோடு சண்டை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முதலில் ஒளியைப் பத்தி, அப்புறம் ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏத்தபடி குறையும்ங்கிற யோசனை யாருடையதுன்னு. கணக்கால் நிறுவியது நியூட்டன். அதுல சந்தேகமே இல்லை. ஆனா ஹூக் ஒண்ணுமே செய்யலைன்னு சொல்றது நியாயமில்ல.

1703 மார்ச்சில், கிரெஷாம் கல்லூரியில் பல வருஷம் வாழ்ந்த அதே அறைகளில் ஹூக் இறந்தார். இரும்புப் பெட்டியில் ஆயிரக்கணக்கான பவுண்டு இருந்தது, ஆனா கடைசிக் காலத்தில் வாழ்ந்தது ஏழை மாதிரி. அதே வருஷம் நவம்பரில் நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார். ஹூக்கின் ஓவியத்தை அவர்தான் ஒழிச்சுட்டார்னு ஒரு கதை இன்னைக்கும் சுத்துது. ஆதாரம் கிடையாது, நம்பிடாதீங்க. ஆனா இவர்தான் ஹூக்னு எல்லாரும் ஒத்துக்கிற ஒரு படம்கூட நம்மகிட்ட இல்லைங்கிறது உண்மை. கல்லறை இருக்கும் இடமும் இப்போ தெரியாது.

அந்தப் புத்தகத்தின் ஸ்கேன் பிரதி இணையத்துல இலவசமா கிடைக்குது. தெள்ளுப்பூச்சிப் பக்கத்தைத் திறந்து, காலில் இருக்கும் முள்முடி தெரியுற வரைக்கும் பெருசாக்கிப் பாருங்க.