தோல் பதனிட்டவர் மகன்

அறிவியல் பயிலும் மாணவருள் லூயி பாஸ்டர் என்னும் பெயரைக் கேளாதார் இலர். வெறிநாய்க் கடிக்கு மருந்து கண்டவர். ஆட்டையும் மாட்டையும் அடைப்பான் நோயினின்று காத்தவர். ஒக்கலிபுரத்தில் என் மாமா வீட்டு வாயிலில் விடியற்காலையில் வந்து விழும் பால் பாக்கெட்டின் மேல்கூட அவர் பெயர்தான் ஒரு வினைச்சொல்லாக மாறி அச்சாகியிருக்கிறது. நம் குன்னூரில் 1907ஆம் ஆண்டு தோன்றிய ஆய்வு நிலையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆயினும் நான் சொல்லப் புகுவது நாய்க்கடி மருந்து கண்ட பாஸ்டரைப் பற்றியன்று. திராட்சை மதுவின் நோய் தீர்த்த பாஸ்டரைப் பற்றி. மதுவின் புகழ் பாட வந்தவன் என்று என்னை எவரும் எண்ணவேண்டா. குடியால் குலைந்த குடும்பங்களை அடுத்தடுத்த வீடுகளில் பார்த்தே வளர்ந்தவன் நான். எனினும் ஒரு மிடறு மதுவின் துவர்ப்பே இம்மனிதரின் வாழ்க்கையை நான் தேடிப் படிக்கக் காரணமாயிற்று. அதைச் சொல்லாமல் மேலே செல்லுதல் நேர்மையாகாது.

நந்தி மலை அடிவாரத்தில்

சென்ற ஆண்டு எங்கள் உயிர்வேதியியல் துறை மாணவர் சிலர் நந்தி மலைக்கு அண்மையில், தொட்டபள்ளாபுரம் பக்கம் உள்ள குரோவர் திராட்சைத் தோட்டத்தைக் காணச் சென்றோம். கன்வல் குரோவர் என்பவர் 1988ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டுத் திராட்சை வகைகளைக் கொண்டு தொடங்கிய தோட்டம் அது. அங்கே விளைவனவற்றுள் முதன்மையானது கேபர்நே சாவிஞோன் என்னும் கறுப்புத் திராட்சை. பிரான்சின் போர்தோ வட்டாரத்து உயர்ந்த செம்மதுக்கள் பலவற்றுக்கு முதுகெலும்பு போன்றது இதுவே. கேபர்நே பிராங்க் என்னும் கறுப்புத் திராட்சையும் சாவிஞோன் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சையும் தற்செயலாக மணந்து பெற்ற பிள்ளை இது என்பதைக் கலிபோர்னிய ஆராய்ச்சியாளர் 1997இல் மரபணு கொண்டு மெய்ப்பித்தனர்.

இத்திராட்சை சிறியது, தோல் தடித்தது, சதையின் அளவுக்கு விதை மிகுந்தது. ஆகையால் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மதுவில் மிகுதியாக இறங்குகிறது. இளமையில் முரட்டுத்தனமாக இருக்கும் மது, பீப்பாயிலும் புட்டியிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து பக்குவப்படுவதற்கு இத்துவர்ப்பே பெருந்துணை.

மதுவைச் சுவைத்துப் பார்க்கும் முறையையும் அங்கே கற்பித்தார்கள். முதலில் வெள்ளைத் தாளின்மேல் கிண்ணத்தைச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். இளமது ஊதா ஓரத்துடன் நிற்கும். முதுமது செங்கல் நிறம் காட்டும். பிறகு கிண்ணத்தைச் சுழற்றி மணம் பார்க்க வேண்டும். கேபர்நேயில் கரும்பழங்களின் மணமும், சில வேளை பச்சைக் குடைமிளகாயின் மணமும் எழும். கடைசியாக ஒரு மிடறை வாயில் நிறுத்தி, நாவெங்கும் பரப்பி, உமிழ்ந்துவிட வேண்டும். நானும் அவ்வாறே செய்தேன். நாக்கு வறண்டது, கன்னங்கள் உள்ளிழுத்துக் கொண்டன. அத்துவர்ப்பு எதைப் போன்றது என்று கேட்டார்கள். ஒருவன் நாவற்பழம் என்றான். மற்றொருத்தி மாதுளைத் தோல் என்றாள். எனக்கு வேறொன்று தெரியும். ஆயின் நான் வாய் திறக்கவில்லை.

என் தந்தையார் வாணியம்பாடியில் தோல் ஷாப்பில் வேலை செய்பவர். சுண்ணாம்புக் குழியிலும் பட்டைக் குழியிலும் முப்பது ஆண்டு நின்றவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரின் மணம் அவர் சட்டையில் வரும். சிறுவயதில் அந்தக் குழிநீர் தெறித்த விரலை வாயில் வைத்து நான் முகம் சுளித்ததுண்டு. அன்று நந்தி மலை அடிவாரத்தில் என் நாவில் நின்றது அதே துவர்ப்பு. அதைச் சொல்லியிருந்தால் தந்தையின் தொழிலையும் சொல்ல நேர்ந்திருக்கும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாள் முதல் அவரைத் தோல் வியாபாரி என்றே நண்பர்களிடம் சொல்லி வந்தவன் நான்.

அன்றிரவு டானினைப் பற்றிப் படிக்கப் புகுந்து, மதுவைப் பற்றிய பக்கங்களைப் புரட்டி, இறுதியில் பாஸ்டரிடம் வந்து சேர்ந்தேன். அவர் தந்தையின் தொழில் என்னவென்று கண்டதும் புத்தகத்தை மூட முடியவில்லை.

ஆற்றங்கரை வீடு

பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பிரான்சின் கிழக்கே டோல் என்னும் ஊரில், தோல்காரர் தெருவில் பிறந்தார். தந்தை ஜான் ஜோசப், நெப்போலியன் படையில் போரிட்டுப் பதக்கம் பெற்றவர். போர் முடிந்ததும் குலத்தொழிலான தோல் பதனிடுதலுக்கே திரும்பியவர். பின்னர்க் குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூரில் குய்சான்ஸ் ஆற்றங்கரையில் குடியேறியது. வீட்டையொட்டியே பதனிடும் முற்றம். ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். நம் நாட்டில் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே ஓக் மரத்துப் பட்டை செய்தது. அதே ஓக் மரத்தின் பலகைதான் மதுப் பீப்பாயும் ஆயிற்று. பட்டை தோல்காரனுக்கு, கட்டை மதுக்காரனுக்கு!

சிறுவன் லூயி படிப்பில் மின்னியவனல்லன். படம் வரைவதில் வல்லவன். பெற்றோரை அவன் தீட்டிய ஓவியங்கள் இன்றும் உள்ளன. 1838இல், பதினைந்து வயதில், மேற்படிப்புக்காகப் பாரிசுக்கு அனுப்பப்பட்டான். பெருநகரம் ஒட்டவில்லை. அப்பாவின் பதனிடும் முற்றத்து மணத்தை ஒரு முறை முகர்ந்தால் போதும், உடம்பு தேறிவிடும் என்று உடன் இருந்த தோழனிடம் புலம்பினானாம். சில வாரங்களில் தந்தையே வந்து அவனை ஊருக்கு அழைத்துச் சென்றார்.

இவ்விடத்தைப் படித்தபோது எனக்கு நாணம் வந்தது. எந்த மணத்துக்காக அவன் ஏங்கினானோ, அந்த மணத்தை நான் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறியவன்.

ஊரருகே கற்றுத் தேறிய லூயி, 1843இல் மீண்டும் பாரிசுக்குச் சென்று புகழ்பெற்ற ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டில் எழுதிய தேர்வு ஒன்றில் வேதியியலில் அவருக்குக் கிடைத்த மதிப்பீடு சுமார் என்பதே. தேர்வில் தளர்ந்த தோழர்கள் இதை நினைவில் கொள்வார்களாக!

முதல் வெற்றியையும் மதுப் பீப்பாயே தந்தது. பீப்பாயின் உட்புறத்தில் படியும் உப்பிலிருந்து கிடைப்பது டார்டாரிக் அமிலம். அதனையொத்த மற்றோர் அமிலமும் இருந்தது. இரண்டுக்கும் இயைபு ஒன்றே. ஆனால் முன்னது தளமுற்ற ஒளியைத் திருப்பியது, பின்னது திருப்பவில்லை. 1848இல், இருபத்தைந்து வயதில், பாஸ்டர் பின்னதன் உப்புப் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழலாக இருவகைப் படிகங்கள் கலந்து கிடந்தன. அரிசியில் கல் பொறுக்குவது போல் அவற்றைக் கையாலேயே பிரித்தார். ஒரு குவியல் ஒளியை வலப்புறம் திருப்பியது; மற்றது இடப்புறம் திருப்பியது. முதுபெரும் அறிஞர் பியோ இதைத் தம் கண்முன் செய்து காட்டச் சொல்லி, கண்டு, இளைஞரின் கையைப் பற்றிக்கொண்டு நெகிழ்ந்தார்.

மதுவுக்கு வந்த நோய்

1854இல் லீல் நகரில் பேராசிரியரான பாஸ்டர், அங்குள்ள சாராய ஆலையின் தொட்டிகளை ஆராய்ந்து, நொதித்தல் என்பது வெறும் வேதிச் சிதைவன்று, உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்னும் கருத்துக்கு வந்தார். மதுவை ஆக்குவது ஈஸ்ட் என்னும் உயிரானால், மதுவைக் கெடுப்பதும் ஓர் உயிராகத்தானே இருக்க வேண்டும்?

அக்காலத்தில் பிரெஞ்சு மது பீப்பாய் பீப்பாயாகக் கெட்டது. ஒன்று புளித்தது, ஒன்று கசந்தது, ஒன்று எண்ணெய்போல் வழவழத்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1863இல் இதை ஆராயும் பொறுப்பைப் பாஸ்டரிடம் ஒப்படைத்தார். அவர் தம் மாணவர்களுடன் சொந்த ஊரான ஆர்புவாவுக்கே வந்து, பழைய காப்பிக்கடை ஒன்றை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். ஊர்த் தச்சரும் கொல்லரும் செய்து கொடுத்தவையே கருவிகள். பாதாள அறைகளில் பழைய நண்பர்கள் வைத்திருந்த கெட்ட மதுவையும் நல்ல மதுவையும் வாங்கி, வண்டலைத் துளித்துளியாக உருப்பெருக்கியில் பார்த்தார். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு நுண்ணுயிர் இருக்கக் கண்டார்.

மருந்து எளியது. காற்றுப் புகாமல் மதுவை 50 முதல் 60 டிகிரி வரை சிறிது நேரம் சூடாக்கினால் போதும். நுண்ணுயிர் மடியும், மது பிழைக்கும். சூடாக்கினால் சுவை கெடும் என்று வணிகர் மறுத்தனர். தேர்ந்த சுவைஞர் குழு ஒன்று கூடிச் சூடாக்கியதையும் சூடாக்காததையும் ஒப்பிட்டது. அவர்கள் காணும் நுண்ணிய வேற்றுமை மதுவில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா என்ற ஐயம் எழுந்தது. ஒரே மதுவை இரண்டு கிண்ணங்களில் கொடுத்தபோதும் வேற்றுமை கண்டார்கள்! போர்க்கப்பல் ஒன்றில் இருவகை மதுவையும் ஏற்றி மாதக்கணக்கில் கடலில் அலையவிட்டுப் பார்த்தபோது, சூடாக்கியது நலமாகத் திரும்பியது. சூடாக்காதது கெடத் தொடங்கியிருந்தது.

காற்றும் காலமும்

1866இல் வெளியான அவருடைய மது ஆராய்ச்சி நூலில் எனக்கு உயர்வாகத் தோன்றுவது மற்றொரு சோதனை. கண்ணாடிக் குழாய்கள் சிலவற்றை மதுவால் முழுக்க நிரப்பி மூடினார். சிலவற்றைப் பாதி நிரப்பி, மீதிக்குக் காற்றை விட்டு மூடினார். நிறைந்த குழாயில் மது மாறவேயில்லை. பாதிக் குழாயிலோ சில வாரங்களில் நிறம் வெளிறி, வண்டல் படிந்து, முதுமை வந்துவிட்டது. மதுவைக் கெடுப்பது நுண்ணுயிர். மதுவைப் பக்குவப்படுத்துவது பீப்பாய்ப் பலகையின் வழியே மெல்ல மெல்லக் கசியும் ஆக்ஸிஜன். எதிரியையும் நண்பனையும் அவர் பிரித்துக் காட்டினார்.

இன்று கேபர்நே மதுவைப் பேணுவோர் செய்வதெல்லாம் இதன் வழி வந்ததே. 12 முதல் 14 டிகிரி வரை மாறாத குளிர்ச்சி, இருள், அசைவின்மை, சிறிது ஈரம், தக்கை காய்ந்து காற்று பாயாதபடி புட்டியைப் படுக்க வைத்தல். நாளடைவில் டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் பிணைந்து வண்டலாகப் படியும், துவர்ப்பு மென்மையாகும். தகரக் கூரையின் கீழ் வெயிலில் வேகும் என் அறையில் அத்தகைய புட்டி ஓராண்டும் தாங்காது. உயர்ந்த மதுவை இன்று பெரும்பாலும் யாரும் சூடாக்குவதில்லை. தூய்மையும் கந்தக டையாக்ஸைடும் அவ்வேலையைச் செய்கின்றன. பாஸ்டரின் சூடு பாலுக்குப் போய்க் குழந்தைகளைக் காத்தது.

இன்னுமொன்று. டானின் புரதத்தைப் பற்றி இறுக்கும். எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றினால் நாக்கு வறளும். தோலில் உள்ள புரதத்தைப் பற்றினால் அது அழுகாத் தோலாகும். என் தந்தை குழியில் செய்ததும், நந்தி மலை அடிவாரத்துப் பீப்பாயில் நடப்பதும் ஒரே வேதியியல். இதனை அறியாமலா நான் முதுகலை வகுப்பில் அமர்ந்திருந்தேன்?

தோல்காரர் தெரு

பாஸ்டரின் வாழ்வு துன்பமில்லாததன்று. ஐந்து மக்களுள் மூன்று பெண்களைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார். 1865இல் தந்தையின் உடல்நலக் குறைவைக் கேட்டு விரைந்தவருக்குக் கடைசியாக உயிருடன் காணும் பேறு கிட்டவில்லை. 1868இல் பக்கவாதம் தாக்கி இடப்பாகம் தளர்ந்தது. அதற்குப் பின்னரே அடைப்பான் தடுப்பூசியும், 1885இல் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு இட்ட வெறிநாய்க்கடி ஊசியும் வந்தன. 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மறைந்தார்.

இவற்றுக்கெல்லாம் இடையே ஒரு நாளை நான் மறக்க இயலாது. 1883ஆம் ஆண்டு ஜூலை 14. டோல் நகரத்தார் தோல்காரர் தெருவிலுள்ள அச்சிறு வீட்டில் அவர் பெயரைப் பொறித்த கல்லைப் பதித்தனர். உலகம் போற்றிய அறுபது வயது அறிஞர் அங்கே நின்று, தம் பெருமையைப் பேசாமல், மறைந்த தாய் தந்தையரை அழைத்து, எல்லாம் உங்களால் வந்ததே என்னும் பொருள்பட நாத்தழுதழுக்கப் பேசினார். கடின உழைப்பால் தமக்குப் பொறுமையைக் கற்பித்தவர் என்று தந்தையைப் போற்றினார்.

போன பொங்கலுக்குப் பிறகு என் தந்தையார் பெங்களூர் வந்தார். நிலையத்திலிருந்து ஒக்கலிபுரத்துக்கு நடந்தே வந்துவிட்டோம். மறுநாள் அவரைத் துறைக்கு அழைத்துச் சென்றேன். வேண்டாம் தம்பி, உனக்கு எதற்கு என்று வாசலில் தயங்கினார். நண்பர்களிடம் அவர் தொழிலை உள்ளபடி சொல்லி அறிமுகம் செய்தேன். முன்பு சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். எவரும் முகம் மாறவில்லை. மேசைமேல் தோழி ஒருத்தி ஆய்வுக்காகக் கடுக்காய் வைத்திருந்தாள். தந்தையார் ஒன்றை எடுத்துக் கையில் எடைபார்த்தார். கனமாய், கெட்டியாய், பூச்சி அரிக்காததாய் இருப்பதே குழிக்கு நல்லது என்றும், பட்டைச் சாறு தோலின் நடுவரை ஏறியதா என்பதை ஓரத்தை அறுத்து நிறம் பார்த்தே அறிவோம் என்றும் சொன்னார். அவள் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

நான் அவர் பக்கத்தில் நின்றேன். சட்டையில் பட்டை மணம் இருந்தது.