வாக்காளரைத் தேடிச் சென்ற வேட்பாளர்

நமது கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள் 1838 ஆம் ஆண்டிற் சட்டநிரூபண சபையில் தமிழ் அங்கத்தவராய் அமர்ந்தபோது, எவருடைய வாசற்படியிலும் நின்று வாக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. தேசாதிபதி நியமித்தார், அவர் அமர்ந்தார். பேரறிஞர் அவர், குறைசொல்ல வரவில்லை. அக்காலத்து முறை அது. அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, இதே இலங்கையில், வாக்கு என்றால் இன்னதென்று அறியாதிருந்த மக்களிடஞ் சென்று, முதலில் அவர்களை வாக்காளராக்கிப் பின்னர் அவர்களிடமே வாக்குக் கேட்டார் ஒருவர். அவரே கோதண்டராம நடேசய்யர். பாதிரிமார் பாடசாலையில் நாம் படித்த சரித்திரப் புத்தகத்தில் டொனமூர்க் குழுவினர் வந்தமையும் சென்றமையும் திகதியோடு இருந்தன. அக்குழு வழங்கிய வாக்குரிமையை லயத்து வாசல்வரை சுமந்து சென்றவரின் பெயரை அதிற் கண்ட ஞாபகம் எனக்கில்லை.

நடேசய்யர் 1887 ஆம் ஆண்டிலே தஞ்சாவூர்ப் பகுதியிற் பிராமண குலத்திற் பிறந்தவர். கணக்குப் பதிவும் வர்த்தகமும் கற்பித்தவர். வர்த்தகமித்திரன் என்னும் பத்திரிகையை நடத்தியவர். 1915 ஆம் ஆண்டில் வர்த்தகர் சங்க விழாவொன்றின் பொருட்டுக் கொழும்புக்கு வந்தார். வந்தவருக்குத் தேயிலைத் தோட்டங்களிலே தம் நாட்டார் வாழும் நிலையை நேரிற் காண வேண்டுமென்ற ஆவல் பிறந்தது. போய்ப் பார்ப்பதற்கு என்ன தடை என்று இக்காலத்தவர் கேட்கலாம். தோட்டத்துப் பாதைகள் அன்று துரைமாரின் சொந்தப் பாதைகள். அழையாத அந்நியன் உள்ளே கால் வைத்தால் அத்துமீறிப் புகுந்த குற்றம் அவன்மேற் சாரும். ஆகவே ஐயர் புடவை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே நுழைந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். கணக்கு வாத்தியார் ஒருவர் காஞ்சிபுரம், சின்னாளபட்டி என்று விலைகூறி நின்ற கோலத்தை எண்ணிப் பார்க்கச் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் கனக்கிறது.

அவர் அங்கே கண்டது கடனால் வேலியிடப்பட்ட வாழ்க்கை. கங்காணி ஊரிலே கொடுத்த முன்பணம், மண்டபம் முகாமும் தலைமன்னாரும் கடந்து தொழிலாளியோடு கூடவே வந்தது. துண்டு என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவென்று அதிலே எழுதியிருக்கும்; அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவன் போகலாம். 1921 ஆம் ஆண்டில் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் கடனும் ஒழியவில்லை. விலகிச் செல்வோனுக்குக் கொடுக்கும் பத்துச்சீட்டின் பயமும் ஒழியவில்லை. பத்துச்சீட்டு இல்லாதவனை அடுத்த தோட்டத்தார் சேர்க்கமாட்டார். வேலை போனால் லயக்காம்பராவும் போகும். ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த குற்றத்துக்கு மனைவி மக்களோடும் சட்டி பானையோடும் தெருவில் நிற்க நேரிடும் என்றால், எவன் கூட்டத்துக்குப் போவான்?

1920 அளவிற் கொழும்பிலே குடியேறிய நடேசய்யர், தேசநேசன் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1924 இல் தேசபக்தனைத் தொடங்கினார். ஏ. ஈ. குணசிங்காவின் இலங்கைத் தொழிற்சங்கத்திலே உபதலைவராய் இருந்து நகரத்துத் தொழிலாளரிடையே வேலை செய்தார். அதே 1924 இல் சட்டநிரூபண சபையிலே இந்தியருக்கென இரண்டு ஆசனங்கள் ஒதுக்கப்பட, அவரும் போட்டியிட்டார், தோற்றார். வாக்குரிமை அன்று எழுத்தறிவும் வருமானமும் உடையோர்க்கே உரியது. வர்த்தகரும் எழுதுவினைஞரும் பெரிய கங்காணிமாரும் வாக்காளராயிருக்க, கொழுந்து கொய்தவளுக்கும் மலை வெட்டியவனுக்கும் அதில் இடமில்லை. எவருக்காகப் பேசினாரோ அவர்களுக்கு வாக்கில்லை. எவருக்கு வாக்கிருந்ததோ அவர்களிற் பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. வெற்றி பெற்றவர்களுள் ஒருவராகிய முகம்மது சுல்தான் காலமானதால் 1925 இல் இடைத்தேர்தல் வந்தது. ஐயர் மீண்டும் நின்றார், இம்முறை வென்றார்.

சபையிலே அவருக்குத் துணை குறைவு. ஆயினும் குறைந்தபட்சச் சம்பளத்தை வகுக்கும் 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது அவர் சபையிலிருந்து வாதாடினார். அதன்படி நிர்ணயமான சம்பளம் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இவை போதாவென்பது அவர் கட்சி. போதாத அச்சம்பளமும், உலக வியாபாரம் மந்தமடைந்தபோது 1931 முதல் வெட்டப்பட்டது.

அவ்வாண்டிலேதான் காலமும் மாறிற்று. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் யாவர்க்கும் வாக்கு என்று டொனமூர்த் திட்டம் சொல்லிற்று. ஆனால் இந்தியத் தொழிலாளர்க்கு அது எளிதிற் கிட்டவில்லை. இலங்கையையே நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்டவரென்று காட்ட வேண்டும். அல்லது ஐந்தாண்டு வாசம் காட்டி நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெறவேண்டும். அச்சான்றிதழைப் பெற்றால் இந்தியத் தொழிலாளர்க்குரிய விசேட பாதுகாப்புகளைக் கைவிட நேரிடும் என்பதால் அதை நாடியோர் மிகச் சிலர். இத்தனைக்கும் நடுவில் 1931 இல் ஏறக்குறைய ஒரு லட்சம் இந்தியர் வாக்காளர் இடாப்பில் ஏறினர். அதே வேளையில் யாழ்ப்பாணத்து இளைஞர் காங்கிரஸ் பூரண சுயராச்சியம் கேட்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கே நான்கு ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. படித்த வடபகுதி வாக்கை வேண்டாமென்று தள்ளிய வருடத்திலே, படியாத மலைப்பகுதி வாக்கைக் கைநீட்டி வாங்கிற்று. இரண்டிலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் லயத்திலே வாழ்பவனுக்குத் தள்ளிவிடும் வசதி இல்லை.

முதலாவது அரசாங்க சபையில் ஐயருக்கு இடமில்லை. ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் போட்டியின்றிச் சென்று தொழில் மந்திரியானார். ஐயரோ 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, கொழும்பை விட்டு ஹட்டனுக்கே வேலையைக் கொண்டுபோனார். இனி வந்த ஐந்தாண்டுகளே அவருடைய வாழ்வின் உயிர்நிலை.

தோட்டத்துக்குள் மேடை போட முடியாது. ஆகவே கடைவீதியே மேடையாயிற்று. சம்பளம் பெற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசிக்கும் கருவாட்டுக்கும் சனங்கள் டவுனுக்கு இறங்குவர். அங்கே ஐயருக்கு முன்னால் அவர் மனைவியார் மீனாட்சியம்மை நின்று பாடுவார். சனங்கள் முன்பே அறிந்த மெட்டுகள். சொற்களோ தோட்டத்துத் துயரமும் உரிமையும். ஒரு பிராமணப் பெண் நடுத்தெருவில் நின்று கூலிச் சனத்துக்காகப் பாடுவதைக் கண்டு நின்றவர்கள், பாட்டு முடிந்தபின் பேச்சையுங் கேட்டார்கள். கூட்டம் சேர்ப்பதற்கான உபாயம் என்று மட்டும் இதைக் கருதுவது நியாயமன்று. கொழுந்து மலையிற் பெண்கள் பெருந்தொகையினர். 1931 முதல் அவர்களும் வாக்காளர். அவர்களை நோக்கி ஒரு பெண் பேசியதும் பாடியதும் ஆயிரம் துண்டுப்பிரசுரத்துக்குச் சமானம்.

துண்டுப்பிரசுரங்களையும் ஐயர் விடவில்லை. 1931 இல் வந்த நீ மயங்குவதேன் முதலிய சிறு நூல்களை, வாசிக்கத் தெரிந்த ஒருவன் வாங்கினால் இரவிலே குப்பிவிளக்கைச் சுற்றிப் பத்துப்பேர் கேட்கலாம். இவ்வாறு பிரட்டுக் களத்திலே பேர் கொடுப்பதற்கு மட்டுமே தன் பெயர் உதவும் என்றிருந்த தொழிலாளி, அப்பெயர் வாக்காளர் இடாப்பிலும் இருக்கவேண்டிய ஒன்றென்று அறிந்தான்.

1936 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐயர் ஹட்டன் தொகுதியில் நின்றார். தோட்டமில்லை; துரைமார் தயவில்லை; பெரிய கங்காணிமார் பலர் எதிர்ப்பக்கம். எழுதப் படிக்கத் தெரியாதோர் பொருட்டு வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்து, அந்நிறப் பெட்டியிலே வாக்கை இடச்செய்த காலம் அது. கங்காணி சொன்ன நிறத்தை வெளியிலே தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, திரைக்கு உள்ளே போய்த் தன் மனம் சொன்ன நிறத்திலே போடலாம் என்ற இரகசியம் தொழிலாளிக்கு விளங்கியிருக்க வேண்டும். ஐயர் வென்றார், 1947 வரை அரசாங்க சபையில் இருந்தார்.

அவரைத் தெய்வமாக்கி எழுதுவது எளிது, உண்மையாகாது. நாவு கூரியது, எவரோடும் நெடுங்காலம் ஒத்துப்போகவில்லை. குணசிங்காவோடு 1928 அளவிலே பிரிந்தார். பின்னர் குணசிங்கா இந்தியருக்கு எதிராகவே திரும்பியதை நோக்கினால் அப்பிரிவிலே தவறு யார் பக்கம் என்பது விளங்கும். ஆயினும் 1939 இல் நேருவின் வருகையோடு இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானபோதும் ஐயர் வெளியிலேயே நின்றார். செல்வமும் அமைப்பும் உடைய அந்த இயக்கம் 1940 முதல் தோட்டந்தோறும் சங்கம் கட்ட, தனி மனிதரின் குரலையே தூணாகக் கொண்ட சம்மேளனம் தேய்ந்தது. பத்திரிகைக்காரரும் பேச்சாளருமாகிய அவர், சந்தாக் கணக்கையும் கிளைக் கமிட்டியையும் கட்டிக் காக்கும் பொறுமை உடையவராய்த் தோன்றவில்லை. கணக்கு வாத்தியாருக்கு இது ஒரு விசித்திரமான குறைதான்.

1947 தேர்தலிலே இந்தியன் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் சென்றனர், ஐயர் தோற்றார். அவர் எழுப்பிய சனமே வேறு கொடியின் கீழ்ச் சென்றது. அதே ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதி காலமானார்.

மறு ஆண்டு, 1948 இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. ஐயரும் மீனாட்சியம்மையும் கடைவீதியில் நின்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்த பெயர்கள் இடாப்பிலிருந்து கூட்டமாய் நீங்கின. 1952 தேர்தலில் இந்தியன் காங்கிரசார் ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. மலைநாட்டுத் தமிழரின் வாக்கைப் பெற்று ஒருவர் மீண்டும் அச்சபைக்குத் தெரிவாக 1977 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.