சத்தியத்திற்காகச் சத்தியம் செய்ய மறுத்தவர்

சத்தியம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. உண்மை என்பது ஒன்று. ஆணையிட்டு உறுதி கூறுவது மற்றொன்று. உண்மை இல்லாத ஆணை வெறும் ஓசையே என்பதை இந்த ஒரு சொல்லே நமக்கு உணர்த்திவிடுகிறது. அதனை உயிரைக் கொடுத்து உணர்த்தியவர், இங்கிலாந்து நாட்டின் தாமஸ் மோர்.

மோர் 1478-ஆம் ஆண்டு லண்டன் நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதியானவர். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற மோர், தந்தையின் விருப்பப்படி சட்டம் கற்றார். ஆனால் அவரது உள்ளம் இறைவனையே நாடியது. கார்த்தூசியன் துறவியரின் மடத்தை அடுத்து வாழ்ந்து, அவர்களது ஜபதபங்களில் சில ஆண்டுகள் பங்குகொண்டார். துறவு தமது பாதையல்ல என்று தெளிந்து, 1505-இல் இல்லறம் ஏற்றார். எனினும் அந்நாட்களின் சாதனை அவரை விட்டு அகலவில்லை. பிற்காலத்தில் அரசவைக்குரிய பட்டாடையின் உள்ளே, உடலை உறுத்தும் முரட்டு உரோம ஆடை ஒன்றை யாரும் அறியாமல் அணிந்து வந்தார்.

1511-இல் முதல் மனைவி நான்கு சிறு குழந்தைகளை விட்டு மறைந்தார். ஆலிஸ் என்ற விதவையை மோர் மணந்தார். பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று உலகம் கேட்ட அக்காலத்தில், தம் புதல்வியருக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். 1516-இல் வெளிவந்த உடோபியா என்ற நூலில், பொன்னைக் கைதிகளின் விலங்குகளுக்குப் பயன்படுத்தும் ஒரு கற்பனைத் தீவைப் படைத்து, செல்வத்தின் மீது மனிதர் கொண்ட மோகத்தை நகைத்தார்.

1529-இல் மன்னர் எட்டாம் ஹென்றி அவரை நாட்டின் மிக உயர்ந்த பதவியாகிய லார்டு சான்ஸலர் பொறுப்பில் அமர்த்தினார். அந்த உயர்விலும், வேறொரு நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த முதிய தந்தையின் முன் முழந்தாளிட்டு ஆசி பெற்ற பின்னரே அவர் தம் இருக்கைக்குச் செல்வார். உறவை நம்பி, சமரசத்திற்கு இணங்காமல் வழக்காடிய மருமகன் ஒருவருக்கு எதிராகவே தீர்ப்பு வழங்கினார்.

அவரது வாழ்வில் ஒரு நிழலும் உண்டு. அதை மறைப்பது சத்தியத்திற்கு ஏற்றதாகாது. அவர் அப்பதவியில் இருந்த காலத்தில், திருச்சபையின் கொள்கையிலிருந்து மாறுபட்ட ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அத்தண்டனை நியாயமானது என்றே மோர் கருதினார், எழுதவும் செய்தார். தமது மனசாட்சிக்காக உயிர் துறக்கவிருந்தவர், அவர்களுக்கும் ஒரு மனசாட்சி உண்டு என்பதைக் காணத் தவறிவிட்டார்.

இதற்கிடையில் மன்னர், அரசி கேதரினை விலக்கி ஆன் பொலினை மணக்க விரும்பினார். போப்பாண்டவர் இணங்காததால், இங்கிலாந்தின் திருச்சபையையே தம் ஆளுகைக்குள் கொண்டுவரத் துணிந்தார். 1532 மே மாதம் குருமார்கள் மன்னருக்குப் பணிந்தனர்; மறுநாளே மோர் பதவி விலகினார். எதிர்த்து ஒரு சொல்லும் பேசாமல், குறைந்த வருவாயுடன் செல்சி என்ற ஊரிலிருந்த தம் இல்லத்தில் அமைதியாக வாழ்ந்தார். ஆனால் அத்தகைய மனிதரின் மௌனமும் மன்னரை உறுத்தியது.

1534-இல் புதிய சட்டம் ஒன்று வந்தது. ஆன் பொலினின் பிள்ளைகளே அரசுரிமை பெறுவர் என்று குடிமக்கள் ஆணையிட வேண்டும். ஏப்ரல் 13-ஆம் நாள் லாம்பெத் மாளிகைக்கு மோர் அழைக்கப்பட்டார். அரசுரிமையை முடிவு செய்யும் உரிமை நாடாளுமன்றத்திற்கு உண்டு என்பதை அவர் ஏற்றார். ஆனால் போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுக்கும் அந்த ஆணையை அப்படியே ஏற்க அவரால் இயலவில்லை. ஆணையிட்டவர்களின் பெயர்ப்பட்டியல் அவர் முன் வைக்கப்பட்டது. சாளரத்தின் வழியே, குருமார்கள் தோட்டத்தில் மகிழ்வுடன் உலவுவதைக் கண்டார். நாடே ஒரு பக்கம் நிற்க, தனி ஒருவர் மறுப்பது ஆணவமல்லவா என்று கேட்டனர். ஆணையிட்ட எவரையும் தாம் குறைகூறவில்லை என்றும், தம் உள்ளம் மட்டும் இணங்கவில்லை என்றும் மோர் பணிவுடன் கூறினார்.

நான்கு நாட்களில் லண்டன் கோபுரச் சிறை அவரை ஏற்றது. அங்கே அவருக்கு வந்த கடினமான சோதனை அன்பின் வடிவில் வந்தது. நல்ல வீடும் நூலகமும் இருக்க, எலிகளின் நடுவே ஏன் கிடக்கிறீர்கள் என்று ஆலிஸ் கடிந்துகொண்டார். உயிருக்கு உயிரான மகள் மார்கரெட்டும் மனம் மாறும்படி மன்றாடினாள். பகைவரின் அச்சுறுத்தலைத் தாங்குவது எளிது. அன்பரின் கண்ணீரைத் தாங்குவது அரிது. மோர் இரண்டையும் தாங்கினார்.

அவர் மரணத்தைத் தேடி ஓடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. சட்டம் அனுமதித்த ஒவ்வொரு வழியிலும் உயிரைக் காத்துக்கொள்ளவே முயன்றார். மன்னரின் புதிய தலைமைப் பட்டத்தைப் பற்றி எதுவும் கூறாமல் மௌனம் காத்தார். மௌனத்தைக் குற்றமாக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே ஒரு பொய்சாட்சி தேவைப்பட்டது. 1535 ஜூலை முதல் நாள் நடந்த விசாரணையில், சிறையில் மோர் தம்மிடம் மன்னரின் தலைமையை மறுத்துப் பேசியதாக ரிச்சர்ட் ரிச் என்ற அரசு வழக்கறிஞர் ஆணையிட்டுக் கூறினார். ஆணையிட மறுத்தவரின் உயிர், ஒரு பொய் ஆணையால் பறிக்கப்பட்டது. நீதிபதிகளின் வரிசையில் ஆன் பொலினின் தந்தையும் சகோதரரும் அமர்ந்திருந்தனர்.

தீர்ப்புக்குப் பின் மோர் கூறியதுதான் அவரது வாழ்வின் சிகரம். ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபோது உடன்பட்டு நின்றவர் பவுல். இன்று இருவரும் விண்ணுலகில் புனிதர்களாக இணைந்திருக்கின்றனர். அவ்வாறே தாமும் தம் நீதிபதிகளும் அங்கே மகிழ்ச்சியுடன் சந்திக்கப் பிரார்த்திப்பதாக அவர் கூறினார். ஜூலை 6-ஆம் நாள் காலை, தாம் மன்னரின் நல்ல பணியாளர், ஆனால் முதலில் இறைவனின் பணியாளர் என்ற நிலையிலேயே தலைசாய்த்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1935-இல் அவரைப் புனிதராக அறிவித்தது.

பிறர் எரிக்கப்பட்டபோது அதற்கு உடன்பட்டவர் மோர். அவ்வகையில் அவரும் ஒருகாலத்தில் பவுலின் இடத்தில் நின்றவரே. அதை அவர் உணர்ந்தாரா என்பது இறைவனுக்கும் அவருக்கும் இடைப்பட்டது. நாம் உணர வேண்டியது இது: ஊரே வற்புறுத்தும்போது தலைவணங்காமல் நிற்பது தைரியத்தின் ஒரு பாதி. நம் கையில் அதிகாரம் இருக்கும்போது, நம் முன் தனித்து நிற்கும் ஒருவரின் மனசாட்சியை மதிப்பது அதன் மறுபாதி. முதல் பாதியை மோரின் மரணத்திலிருந்து கற்போம். மறுபாதியை அவரது தவறிலிருந்தும் கற்போம்.