வழக்குக் கட்டு வராத வழக்கறிஞர்

மரக்காணம் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்குச் சட்டப் படிப்பு இன்று எட்டாக்கனி அன்று. 2017இல் தொடங்கப்பட்ட அரசு சட்டக் கல்லூரி விழுப்புரத்திலேயே இருக்கிறது. பட்டம் பெற்றபின் வழக்கு யார் தருவார் என்பதே கேள்வி. அண்ணல் அம்பேத்கரும் அதே கேள்வியை எதிர்கொண்டவர்தாம். அரசமைப்புச் சட்டத்தின் சிற்பியாக அவரைக் கொண்டாடும் நாம், வழக்கின்றிக் காத்திருந்த வழக்கறிஞராக அவரை நினைப்பதில்லை.

கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்று, கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனவர், 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டார். அதற்கான செலவுக்கே பார்சி நண்பர் நவல் பதேனாவின் உதவி தேவைப்பட்டது. அந்நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவில் கட்சிக்காரர் நேரடியாகப் பாரிஸ்டரிடம் செல்ல இயலாது. சொலிசிட்டர் வழியாகவே வழக்குக் கட்டு வரவேண்டும். தீண்டப்படாதவர் என்பதால் சொலிசிட்டர்கள் அவரை நாடவில்லை. எந்த விதியும் அவரைத் தடுக்கவில்லை. வழக்கு மட்டும் வரவில்லை. ஆகவே மாவட்ட நீதிமன்றங்களுக்குச் சென்று வாதாடினார். வருமானத்துக்காக 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் கற்பித்தார்.

1926இல் பூனாவில் பிராமணரல்லாதார் இயக்கத்தின் ஜேதே, ஜவள்கர் ஆகியோர் மீதான அவதூறு வழக்கில் அவர் வாதாடி விடுதலை பெற்றுத் தந்தார். அவர் பெயர் பரவியது. சாதி ஆதிக்கத்தை எதிர்த்தவர்களே அவரைத் தேடிவந்தனர் என்பது தற்செயல் அன்று. மறு ஆண்டு மகாத் சவுதார் குளத்தில் நீர் அருந்தியதற்காக, அவரே பிரதிவாதியாக நிறுத்தப்பட்டார். உயர் நீதிமன்றத்தில் அவ்வழக்கு வெற்றியுடன் முடிய 1937 மார்ச் வரை ஆயிற்று. அதற்குள் அவர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர்.

உச்ச நீதிமன்றம் 1950இல் தொடங்கியது. அங்கு முதல் தலித் நீதிபதியாகத் தமிழகத்தின் அ. வரதராசன் அமர்ந்தது 1980இல். 2018 முதல் 2023 ஜூலை வரை உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளுள் பட்டியல் சாதியினர் 18 பேர், பழங்குடியினர் 9 பேர் என ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வழக்கறிஞர்களிலிருந்தே பெரும்பாலும் நீதிபதிகள் தேர்வாகின்றனர். எனவே தொடக்கத்தில் யாருக்கு வழக்கு கிடைக்கிறது என்பதை விட்டுவிட்டு இவ்வெண்களைப் பேசுவதில் பயனில்லை. மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் இளையவராகச் சேர விளம்பரமும் இல்லை, தேர்வும் இல்லை. அறிமுகம் வேண்டும். அறிமுகம் பெரும்பாலும் சாதி வழியே வருகிறது.

2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. இத்தகைய வழக்குகளுக்கென வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சிறப்பு அரசு வழக்கறிஞரை வழங்குகிறது. பாதிக்கப்பட்டோர் விரும்பினால் புகழ்பெற்ற மூத்த வழக்கறிஞர் ஒருவரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தவும் 1995ஆம் ஆண்டு விதிகளின் 4(5) இடமளிக்கிறது. அப்படிக் கேட்பதற்கு, உப்பளக் கரையின் மொழியும் அச்சமும் அறிந்த மூத்த வழக்கறிஞர்கள் எத்தனை பேர் உருவாகியிருக்கிறார்கள்?