ராம்ஜி சக்பால் தேடிய பள்ளிகள்: அம்பேத்கரின் கல்விக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை

1900ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், சாத்தாரா அரசு உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பிவா ராம்ஜி அம்பேத்கர் என்ற பெயர் எழுதப்பட்டது. ஆங்கில முதல் வகுப்பில் சேர்ந்த அச்சிறுவனுக்கு அப்போது ஒன்பது வயது. அந்நாளை மகாராட்டிர அரசு இன்று மாணவர் நாளாகக் கடைப்பிடிக்கிறது. மகனின் பெயரை அடுத்து நிற்கும் தந்தையின் பெயரை மட்டும் நாம் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகிறோம். அண்ணலின் கல்வி என்றவுடன் கொலம்பியாவும் இலண்டனும் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு முந்தைய ஆண்டுகள், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தந்தை தம் பிள்ளைக்குப் பள்ளி தேடிய ஆண்டுகள். கல்வி உரிமையைப் பற்றிப் பேசுகிற நாம் அந்த ஆண்டுகளை ஊன்றிப் படிக்க வேண்டும்.

ராம்ஜி மாலோஜி சக்பாலின் பூர்வீகம் இரத்தினகிரி மாவட்டத்தின் அம்பாவடே கிராமம். மகர் சாதியில் பிறந்த அவருடைய தந்தை மாலோஜியும் படைவீரர். பம்பாய்ப் படையில் சேர்ந்த ராம்ஜி, புனேயில் இராணுவ ஆசிரியர் பயிற்சி பெற்று, இராணுவப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். சுபேதார் மேஜர் நிலைவரை உயர்ந்தார். ஊர்ப் பள்ளியின் படியேற முடியாத ஒரு சமூகத்துக்குப் படைமுகாம்தான் எழுத்தறிவைத் தந்தது. படைவீரர்களின் பிள்ளைகளுக்கு அங்கே கல்வி கட்டாயம். பெண் பிள்ளைகளும் படித்தனர். 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் இராணுவக் குடியிருப்பில் ராம்ஜிக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது பிள்ளையாகப் பீமாராவ் பிறந்தார்.

அடுத்த ஆண்டே அந்த வாயில் மூடத் தொடங்கியது. 1892இல் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு நிறுத்தியது. அம்முடிவை எதிர்த்து மனு அளிக்கும் முயற்சியில் ராம்ஜி முன்னின்றார். நீதிபதி ரானடேயின் உதவியையும் நாடினார். பயனில்லை. ஓய்வுபெற்ற படைவீரர்கள் பலரைப் போல அவரும் குடும்பத்துடன் கொங்கணப் பகுதியின் தபோலிக்குச் சென்று சில காலம் வாழ்ந்தார். முகாமின் வேலியைத் தாண்டியவுடன் அவர்கள் சுபேதார்களாகவோ ஆசிரியர்களாகவோ மதிக்கப்படவில்லை, மீண்டும் தீண்டத்தகாதோராயினர். தபோலியின் நகராட்சிப் பள்ளியில் தங்கள் பிள்ளைகளைச் சேர்க்கக் கோரி ஓய்வுபெற்ற மகர் வீரர்கள் 1890களின் தொடக்கத்தில் மனுக்கள் அளித்துப் போராட வேண்டியிருந்தது. போராடிக் கிடைத்த இடம் வகுப்பறைக்கு வெளியே இருந்த தாழ்வாரம்.

இந்த நிலைக்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. 1856 சூன் மாதத்தில் ஒரு மகர் சிறுவன் தார்வாட் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். அவனைச் சேர்த்தால் மற்றவர்கள் வெளியேறுவர் என்று அஞ்சிய பம்பாய் அரசு இடம் மறுத்தது. விவகாரம் மேலிடம்வரை சென்றது. அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் பொது என்ற கொள்கையைக் கம்பெனி நிர்வாகம் பின்னர் ஏற்றது. ஆனால் கொள்கை ஏட்டில் இருக்க, சேர்க்கப்பட்ட பிள்ளை எங்கே உட்காருவது, எப்படித் தண்ணீர் குடிப்பது என்பதையெல்லாம் ஊரே முடிவு செய்தது. தார்வாட் நிகழ்வை அண்ணல் பிற்காலத்தில் சைமன் குழுவுக்கு அளித்த கல்வி பற்றிய அறிக்கையில் விரிவாக எடுத்துக்காட்டினார். அந்தச் சட்டத்தின் பொருளைத் தம் உடலால் அறிந்த ஒருவர் எழுதிய அறிக்கை அது.

தபோலியிலிருந்து ராம்ஜி சாத்தாராவுக்கு வேலை தேடி வந்தார். அங்கேதான் பீமாபாய் இறந்தார். பிழைத்திருந்த பிள்ளைகள் ஐவர்: பலராம், ஆனந்தராவ், பீமாராவ் ஆகிய மகன்களும் மஞ்சுளா, துளசி ஆகிய மகள்களும். உடல் ஊனமுற்ற அத்தை மீராபாய் வீட்டைத் தாங்கினார்.

சாத்தாரா பள்ளியில் பீமாராவுக்கு இடம் கிடைத்தது. மற்ற மாணவர்களோடு அமரும் உரிமை கிடைக்கவில்லை. வகுப்பின் ஒரு மூலையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிச் சாக்கின் மேல் அவர் தனியே உட்கார வேண்டும். மாலையில் அந்தச் சாக்கையும் அவரே வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்பவர்கூட அதைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிப் பணியாளர் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். அவர் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. ஊரில் எந்த முடிதிருத்துநரும் அக்குடும்பத்துக்கு முடி வெட்ட முன்வராததால், மூத்த சகோதரியே தம்பிகளுக்கு முடி வெட்டினார். இராணுவப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த ராம்ஜிக்கு ஒரு பள்ளி எப்படி இயங்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். மகனை அங்கிருந்து நிறுத்தினால் வேறு பள்ளி இல்லை என்பதும் தெரியும். நல்ல பள்ளி எது, கெட்ட பள்ளி எது என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் அவர் இல்லை. அவமானத்தோடு கூடிய கல்வி அல்லது கல்வியே இல்லாமை: அவருக்கு முன்னிருந்த தேர்வு அவ்வளவுதான்.

பிள்ளைகளின் செலவுக்காக ராம்ஜி கோரேகாவில் காசாளராகப் பணியாற்ற வேண்டியிருந்தது. 1901 கோடை விடுமுறையில் பீமாராவும் அண்ணனும் சகோதரியின் பிள்ளைகளும் தந்தையைக் காணப் புத்தாடை அணிந்து தொடர்வண்டியில் புறப்பட்டனர். அவர்கள் எழுதிய கடிதம் ராம்ஜியின் கைக்குச் சேராததால் நிலையத்துக்கு எவரும் வரவில்லை. சாதி தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். இரு மடங்கு கூலி தருவதாகவும் தாங்களே மாட்டை ஓட்டுவதாகவும் ஒப்புக்கொண்ட பின்பே ஒரு வண்டி கிடைத்தது. கூடை நிறைய உணவு இருந்தும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காததால் அப்பிள்ளைகள் அன்றிரவு முழுவதும் பட்டினி கிடந்தனர். தீண்டாமை என்பது என்ன என்பதைத் தம் மனத்தில் ஆழப் பதித்த நிகழ்வாக அண்ணல் அதைப் பின்னாளில் பதிவு செய்தார்.

அக்குடும்பம் பின்னர் பம்பாய்க்கு இடம் பெயர்ந்தது. பரேல் பகுதியில், சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறையில் குடியேறியது. சமையல், திரிகை, விறகு, ஓர் ஆடு என எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். மகன் படிப்பதற்காக ராம்ஜி ஒரு முறையை வகுத்தார். மாலையில் மகனை உறங்கச் செய்துவிட்டு, நள்ளிரவு இரண்டு மணிவரை தாம் விழித்திருப்பார். பின் மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, அந்த இடத்தில் தாம் படுப்பார்.

முதலில் மராட்டா உயர்நிலைப் பள்ளி. பிறகு நகரின் சிறந்த அரசுப் பள்ளிகளுள் ஒன்றான எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. பெருநகரத்தின் பெயர்பெற்ற பள்ளியாயினும் சாதி அங்கும் இருந்தது. கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் பீமாராவை அழைத்தபோது, பலகையின் பின்னே வைத்திருந்த உணவுப் பாத்திரங்களை எடுக்க மற்ற மாணவர்கள் பாய்ந்தோடினர். சமற்கிருதம் பயில விரும்பிய அவருக்கு அது மறுக்கப்பட்டது. பாரசீகத்தை எடுக்க நேர்ந்தது.

இந்தக் கல்வியின் செலவை ஏற்றவர் ராம்ஜி மட்டுமல்லர். அவருடைய ஓய்வூதியம் மாதம் 50 ரூபாய். இரு மகன்களை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்ப அது போதவில்லை. ஆனந்தராவ் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். பீமாராவ் புதிய நூல் கேட்கும்போது கையில் பணம் இல்லையென்றால், ராம்ஜி திருமணமான மகள்களிடம் செல்வார். ஒரு மகளிடம் பணம் இருக்கும். இன்னொரு மகள் நகையைக் கழற்றிக் கொடுப்பார். நகையை அடகு வைத்து நூல் வாங்கி, ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். ஓர் அண்ணனின் படிப்பும் சகோதரிகளின் நகையும் சேர்ந்துதான் ஒரு மாணவரை 1907இல் மெட்ரிக் தேர்வில் தேறச் செய்தன. இவர்களுள் எவருக்கும் நாம் சிலை வைத்ததில்லை.

மெட்ரிக் தேறியதும் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். கல்லூரிச் செலவைத் தாங்க முடியாத நிலைக்கு ராம்ஜி வந்தபோது, அதே கேலுஸ்கர் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் பரிந்துரைத்தார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. பட்டம் பெற்ற பின் பரோடா அரசுப் பணிக்குச் செல்ல மகன் முடிவெடுத்தபோது ராம்ஜி அதை விரும்பவில்லை; அங்கு நேரக்கூடிய சாதிக் கொடுமைகளை எண்ணி அஞ்சினார். மகன் சென்று சில நாட்களிலேயே தந்தையின் உடல்நலம் குன்றிய செய்தி வந்தது. 1913 பிப்ரவரி 2 அன்று, மகனைக் கண்ணால் பார்த்துவிட்டு, ராம்ஜி இறந்தார். அதே ஆண்டு சூலையில் மகன் நியூயார்க் சேர்ந்தார். அங்கிருந்து தந்தையின் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகளின் வாழ்வை வடிவமைக்கும் ஆற்றல் பெற்றோரிடம் உண்டு என்றும், ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் படிக்க வைக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

அதன்பின் அவருடைய பொதுவாழ்வை, ராம்ஜி தனியாகச் சுமந்ததைச் சமூகமும் அரசும் சுமக்கும்படி செய்யும் முயற்சியாகவும் வாசிக்கலாம். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை. 1925இல் சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான விடுதி. 1945இல் மக்கள் கல்விக் கழகம். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. 1950இல் ஔரங்காபாத்தில், பிற்காலத்தில் மிலிந்த் எனப் பெயர்பெற்ற கல்லூரி. அண்ணலும் ரமாபாயும் பெற்ற ஐந்து பிள்ளைகளுள் யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். பிள்ளைகளை இழந்த ஒரு தந்தை பிறர் பிள்ளைகளுக்காகக் கட்டியவை இந்நிறுவனங்கள்.

1948 நவம்பர் 23 அன்று அரசமைப்பு அவையில் இலவசக் கட்டாயக் கல்வி பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. அக்கடமையைத் தொடக்கக் கல்வியோடு நிறுத்த வேண்டும் என்ற திருத்தத்தை அண்ணல் ஏற்கவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தக்கூடாது என்று அரசமைப்பே தடுக்கும்போது, அவ்வயதுவரை அப்பிள்ளை பள்ளியில்தான் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். அதே விவாதத்தில், குடிமக்கள் கல்விக்கு உரித்துடையோர் என்ற தொடரை நீக்கி, அதை அரசின் முயற்சியாக மட்டும் நிறுத்திய திருத்தத்தை அவர் ஏற்றுக்கொண்டதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. அது அடிப்படை உரிமையாக 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 21அ பிரிவும், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் அவ்வழியில் வந்தவை.

அச்சட்டம் நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பாகுபடுத்தப்படாமல் காக்கும் கடமையை அரசின் மேல் சுமத்துகிறது. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாச்சார இடம் வேண்டும் என்கிறது. ஆயினும் வழக்கறிஞராக என்னிடம் வரும் பெற்றோருள் பலர் இந்தக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. பிள்ளையைக் கழிவறை கழுவ வைத்தார்கள் என்று சொல்ல வந்தவர், புகார் மனுவில் கையெழுத்திடும் நேரத்தில் தயங்குகிறார். மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டால் அடுத்த பள்ளிக்கு எங்கே போவது என்று கேட்கிறார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ராம்ஜி எடைபோட்டதையே அவரும் எடைபோடுகிறார்.

ராம்ஜியின் உழைப்பைப் போற்றுவதோடு நாம் நின்றுவிட்டால், எல்லாத் தலித் பெற்றோரும் ராம்ஜியாக வேண்டும் என்று சொல்வதாகிவிடும். இரவு இரண்டு மணிவரை விழித்திருக்கும் தந்தையும், நகையைக் கழற்றித் தரும் சகோதரியும், பள்ளியை விட்டு நிற்கும் அண்ணனும் அமைந்தால் மட்டுமே ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வியை உரிமை என்று அழைக்க முடியாது. கல்லூரியில் பயிலும் தோழர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் யார் இருக்கிறார்கள், அது கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சேரிப் பெற்றோர் ஒருவர் தலைமையாசிரியரின் அறைக்குள் நுழையும்போது அவருடன் ஒருவர் துணைக்குச் செல்ல வேண்டும். ராம்ஜிக்கு அப்படி ஒருவரும் வாய்க்கவில்லை.