கைதி ஆசிரியர்! சீமாட்டி மாணவி!

கேப்டவுன் நகரில் சிறைக் கைதி ஒருவர் வெள்ளைக்காரச் சீமாட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பாடத்தினால், பேச ஆளில்லாமல் போன ஒரு மொழி இன்றும் ஏட்டில் வாழ்கிறது.

அந்தச் சீமாட்டி லூசி லாயிட். 1834-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தார். குடும்பம் தென் ஆப்பிரிக்காவில் குடியேறியது. தங்கை ஜெமைமாவின் கணவர் பிளீக், ஜெர்மனியிலிருந்து வந்த மொழி அறிஞர்.

பசி செய்த குற்றம்

தென் ஆப்பிரிக்காவின் ஆதிகுடிகள் 'சான்' மக்கள். வேட்டையே அவர்கள் பிழைப்பு. குடியேறியவர்கள் அவர்களது நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வேட்டை மிருகங்கள் குறைந்தன. பசிக்கு ஆடுமாடு திருடிப் பலர் சிறைக்குப் போனார்கள்.

1870-இல் கேப்டவுன் சிறையில் இத்தகைய கைதிகள் 28 பேர் இருந்தார்கள். அவர்களில் சிலரைத் தம் வீட்டில் வைத்து அவர்களது 'ஹாம்' மொழியைக் கற்கப் பிளீக் அரசாங்க அனுமதி பெற்றார். முதலில் ஓர் இளைஞர் வந்தார். அடுத்த ஆண்டு கப்போ என்ற பெரியவர் வந்தார்.

நாக்கைச் சொடுக்கும் மொழி

பாடம் எளிதல்ல! பரிதாபப்பட்டால் நாம் 'உச்சு' கொட்டுகிறோம் அல்லவா? அந்த மொழியில் அதுவும் ஓர் எழுத்து. அதுபோல் நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் இன்னும் பல உண்டு. அவற்றுக்குத் தனிக் குறிகள் வேண்டியிருந்தன.

பொருளைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். படத்தைக் காட்டிக் கேட்டார்கள். பக்கத்தின் ஒரு பாதியில் அவர்கள் மொழி, எதிரே ஆங்கிலம். சொற்கள் சேர்ந்தன, பிறகு கதைகள் வந்தன. சந்திரன் முயலைச் சபித்த கதையும், நட்சத்திரங்களின் கதையும் ஏட்டில் ஏறின.

கப்போவின் தண்டனைக் காலம் முடிந்தது. ஊரில் மனைவி மக்கள். மனமெல்லாம் அங்கேதான். ஆனாலும், தம் மக்களின் கதைகள் புத்தகத்தில் நிலைக்கவேண்டும் என்று மேலும் இரண்டு ஆண்டுகள் தங்கினார். 1873-இல் ஊர் திரும்பியவர், 1876-இல் இறந்தார்.

பாதிச் சம்பளம்

1875-இல் பிளீக் காலமானார். அவர் வகித்த நூலக வேலையைப் பாதிச் சம்பளத்தில் லூசி ஏற்றார். 1880-இல் அந்த வேலையும் போயிற்று. நோட்டுப் புத்தகங்களை மட்டும் அவர் விடவில்லை. சுமார் 12,000 பக்கங்கள்! அவற்றில் பெரும்பகுதி லூசி எழுதியவை.

பிளீக் இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின், 1911-இல், அந்தக் கதைகள் நூலாக வெளிவந்தன. 1913-இல் லூசிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார். பிளீக்கின் மகள் டோரத்தியா தொகுத்த அகராதி 1956-இல் வெளியாயிற்று. அப்போது டோரத்தியாவும் உயிரோடு இல்லை.

'ஹாம்' மொழியைப் பேசுவோர் இன்று எவருமில்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டில் தென் ஆப்பிரிக்கா தன் அரசுச் சின்னத்தில் அம்மொழி வாசகத்தையே பொறித்தது. கைதியின் மொழி, நாட்டின் முத்திரை ஆயிற்று!