ஒலியின் நுட்பம் கண்ட இராமன்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்தது திருவரங்கத் தீவு. திருச்சிராப்பள்ளியை அடுத்த அத்தீவில், திருவானைக்கா என்னும் ஊரில், 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் சர். சி. வி. இராமன் பிறந்தார். அவர்தம் தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். வயலின் இசையில் ஈடுபாடு மிக்கவர். ஒலியையும் செவியையும் பற்றி ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய நூல் இளமையிலேயே இராமனின் உள்ளத்தைக் கவர்ந்தது.

1907ஆம் ஆண்டு அவர் கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறையில் உயர் அலுவல் ஏற்றார். அலுவல் போக எஞ்சிய காலை மாலைகளை ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். 1917ஆம் ஆண்டு அவ்வலுவலைத் துறந்து, குறைந்த ஊதியமுடைய பேராசிரியப் பதவியை விரும்பி ஏற்றார்.

தோற்கருவிகள் எழுப்புவது இன்னிசையன்று, இரைச்சலே என்பது மேலைநாட்டு அறிஞர் கருத்து. மிருதங்கமோ சுருதியோடு இயைந்து ஒலிக்கின்றது. வலந்தலையின் நடுவே இடப்படும் ‘சோறு’ என்னும் கரிய பூச்சே அதற்குக் காரணம் என இராமன் நிறுவினார். அதன் பாரத்தால் துணையொலிகள் அடிப்படை ஒலியின் 2, 3, 4, 5 மடங்குகளாக அமைகின்றன. இவ்வாய்வு 1920ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. பெயரறியாக் கைவினைஞரின் பெருமையை உலகம் உணர்ந்தது.

ஒளி பற்றிய ஆராய்ச்சிக்காக 1930ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற இராமன், 1970ஆம் ஆண்டு பெங்களூரில் மறைந்தார்.

மாணவர்களே! மிருதங்கத்தின் நுட்பத்தை முதலில் கண்டது கைவினைஞரின் செவியே. அத்துணைச் சிறந்த கருவி அது. நடுச்செவியின் பழுதுகள் பல அறுவை மருத்துவத்தால் நீங்கும். பேரொலியால் உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தாலோ, அவை மீண்டும் வளரா. ஆதலின் செவியைப் பேணிக் காப்போமாக.